'சாப்பிட்டியாம்மா?'வுக்கு அடுத்த கேள்வி

கர்ப்பிணி மகளுக்குத் துணையாக வந்திருந்தார் அந்த அம்மா, அறுபது வயதைத் தாண்டியவர். மகள் பில் கட்ட வெளியே போன நேரம் பார்த்து என் மேஜை ஓரமாக வந்து நின்றுகொண்டு, "டாக்டரம்மா, எனக்கு நின்னு பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு, இப்ப மறுபடியும் கொஞ்சம் கொஞ்சம் படுது, சூடா இருக்குமோ?" என்றார். எப்போதிருந்து என்றேன். தீபாவளிக்கு முன்னாலிருந்தாம். நாங்கள் பேசிக்கொண்டிருந்தது பங்குனியில்.

மகளிடம் ஏன் சொல்லவில்லை? "அவளே வயித்துப்பிள்ளைக்காரி, அவகிட்ட போய் இதைச் சொல்லுவாங்களா?"

மாதவிடாய் நின்று ஒரு வருடம் ஆன பிறகு ஒரு சொட்டு பட்டாலும் பார்த்தே ஆக வேண்டும். பெரும்பாலும் பயப்படும்படி எதுவும் இருக்காது. ஹார்மோன் குறைந்து உள்ளே வறண்டு மெலிந்திருக்கும், அல்லது சின்னதாக ஒரு பாலிப் (சதை வளர்ச்சி) இருக்கும். ஆனால் இப்படி வருகிறவர்களில் கிட்டத்தட்ட பத்தில் ஒருவருக்கு அது கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோய். அதற்கு ஒரு நல்ல குணம் (புற்றுநோய்க்கு நல்ல குணமா என்று கேட்காதீர்கள்), பெரும்பாலானவர்களுக்கு ஆரம்பத்திலேயே ரத்தத்தைக் காட்டிவிடும், அப்போதே வந்தால் பல பேருக்கு அறுவை சிகிச்சையோடு முடிந்துவிடும். ஸ்கேனில் உட்சுவரின் தடிமன் 4 மில்லிமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலும் நிம்மதி, கூடினால் துளி சதை எடுத்து பயாப்சிக்கு அனுப்புவோம். கர்ப்பப்பை வாயையும் ஒருமுறை பார்த்துவிடுவோம். அவ்வளவுதான் பரிசோதனை. அந்த அம்மா இதற்கு ஐந்து மாதம் வெந்தயம் ஊறவைத்துக் குடித்திருக்கிறார். அவருக்கு இருந்தது புற்றுநோய்தான்; நல்லவேளை, அது கர்ப்பப்பையைத் தாண்டவில்லை.

போனில் உங்கள் அம்மாவிடம் "உடம்பு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டால் "எனக்கென்ன, நல்லா இருக்கேன்" என்றுதான் பதில் வரும். பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். நின்னதுக்கப்புறம் எப்பவாவது படுதா? இருமினா, தும்மினா ஒண்ணுக்கு வந்துடுதா? கீழே எதுவும் இறங்கின மாதிரி, உருண்டையா கைக்குத் தட்டுப்படுதா? மார்புல கட்டி ஏதாவது? ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு கேட்காதீர்கள், பக்கத்தில் அப்பா இருப்பார்.

எனக்கே இது தாமதமாகத்தான் உறைத்தது. என் அம்மா சில வருடங்களாக எந்தக் கல்யாணத்துக்கும் போவதில்லை, கேட்டால் "பஸ்ஸு ஒத்துக்கல" என்பார், நானும் வாந்தி போல என்று நினைத்து மாத்திரை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தினமும் இதே கேள்விகளை ஊரார் அம்மாக்களிடம் கேட்கிறவள்! ஒருநாள் இருவரும் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, நிமிர்ந்து பார்க்காமல் கேட்டேன். கொஞ்ச நேரம் கீரைதான் உதிர்ந்தது. அப்புறம் மெதுவாக, "உனக்கு யாரு சொன்னா?" என்றார். கர்ப்பப்பை இறக்கம். என்னிடம் காட்டிக்கொள்ள மாட்டேன் என்றதால் என் தோழியிடம் அழைத்துப் போனேன், இறங்கியதைத் தாங்கிப் பிடிக்க உள்ளே ஒரு வளையம் பொருத்தினாள், அறுவை சிகிச்சைகூடத் தேவைப்படவில்லை.

பதில் வந்ததும் "இத்தனை நாளா ஏன் சொல்லல?" என்று மட்டும் பாய்ந்துவிடாதீர்கள். அந்த வாய் அதோடு மூடிக்கொள்ளும். எனக்கும் நாக்கு நுனி வரை வந்தது, ஒரு கட்டுக் கீரையை ஆய்ந்து முடித்துத்தான் அடக்கினேன்.

மகன்கள் என்ன செய்வது என்று கேட்பார்கள். அக்கா தங்கை, மனைவி வழியாகக் கேட்கலாம், யாரும் இல்லையென்றால் நீங்களேதான் கேட்க வேண்டும். போன வாரம் ஒரு தம்பி அவர் அம்மாவோடு வந்திருந்தார். உட்கார்ந்ததும் நாலாக மடித்த காகிதம் ஒன்றை என் பக்கம் தள்ளினார். "போன்ல அம்மா சொல்லச் சொல்ல எழுதினது மேடம். நீங்களே படிச்சுக்குங்க, எனக்கு வாயில வரல." என்றைக்குப் பட்டது, எவ்வளவு பட்டது என்று ஏழு தேதிகள் வரிசையாக எழுதியிருந்தன.