டயரின் கடைசி எழுத்து

கோவையிலிருந்து பாலக்காடு செல்லும் நெடுஞ்சாலையில், வாளையாருக்கு அருகே டயர்க் கடை நடத்தும் என்னிடம் அளவையும் விலையையும் விசாரிப்பவர்களே அதிகம்; அளவை அடுத்து அச்சாகியிருக்கும் எழுத்தைப் பற்றிக் கேட்பவர் அரிது. பக்கச்சுவரில் '185/65 ஆர் 15 88 எச்' என்று இருந்தால், 88 என்பது அந்த ஒரு டயர் சுமக்கக்கூடிய 560 கிலோ எடையையும், எச் என்பது அந்த எடையோடு அது தாங்கும் மணிக்கு 210 கிலோமீட்டர் வேகத்தையும் குறிக்கும். எஸ் 180, டி 190, வி 240. ஆங்கில அகரவரிசைப்படி எங்கோ முன்னால் இருக்க வேண்டிய எச், இங்கே யு, வி இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பதால், டி தான் உயர்ந்தது என்று வாதிட்டவர்களும் உண்டு.

'நூறைத் தாண்டாத எனக்கு 210 எதற்கு?' என்பது வழக்கமான கேள்வி. அந்த எழுத்து, வேகத்தால் உண்டாகும் சூட்டை டயர் எவ்வளவு தாங்கும் என்பதற்கான அளவு. ஆய்வுக்கூடத்தில், புது டயரைச் சரியான காற்றோடு சுழலும் உருளையின் மீது ஓட்டி, வேகத்தைப் படிப்படியாகக் கூட்டித்தான் அதை நிர்ணயிக்கிறார்கள். காற்று குறைந்தாலோ சுமை மிகுந்தாலோ பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடங்கி நிமிர்ந்து கொதிக்கும். அப்போது அந்த எழுத்துக்குப் பொருளில்லை.

சபரிமலைப் பருவத்தில் ஒரு நாள், ஏழு பேரும் மேலே மூட்டைகளுமாக வந்த வண்டியின் பின் டயர்களில், காற்றழுத்தம் 33 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டிய இடத்தில் 24 தான் இருந்தது. கையை வைக்க முடியாத சூடு. ஒன்றை ரிம்மிலிருந்து கழற்றியபோது உள்ளேயிருந்து மிளகுப்பொடி போல் ரப்பர்த் தூள் கொட்டியது; வெளியே தரையில் படும் பட்டன்கள் தேயாமல் புதிதாகவே தெரிந்த அந்த டயரை, 'பஞ்சர் மட்டும் போடுங்கண்ணா' என்று வண்டிக்காரர் கேட்டும் நான் மீண்டும் மாட்டவில்லை.

மாற்றும்போது வண்டியின் கையேட்டில் உள்ள எழுத்துக்குக் கீழே இறங்கக் கூடாது, மேலே போகலாம். நான்கில் ஒன்று தாழ்ந்த எழுத்தாக இருந்தால், வண்டி முழுவதற்கும் அதுவே வரம்பு. காற்றை, வண்டி ஓடிச் சூடேறும் முன்பே பார்க்க வேண்டும். சூட்டில் கூடியிருக்கும் அளவைக் கண்டு காற்றை இறக்கிவிடுபவர்கள், ஆறியதும் குறைந்த காற்றோடு ஓட்டுகிறார்கள். சில வண்டிகளில் வரும் ஒல்லியான ஸ்டெப்னியின் மீது, மணிக்கு 80 கிலோமீட்டரே உச்ச வேகம் என்பதற்காக 80 என்று ஒட்டியிருப்பார்கள். அதை மாட்டிக்கொண்டு கொச்சி வரை போவதாகச் சொல்பவர்களை, பஞ்சர் ஒட்டி முடியும்வரை நான் இங்கேயே உட்கார வைத்துவிடுகிறேன்.