கட்டாய அனுமதியா, கட்டாயச் சேர்ப்பா?

'மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டார்' என்று நாள்தோறும் எழுதுகிறோம். அந்தப் பழக்கத்திலேயே, ஒருவர் இசையாத நிலையில் அவரை மனநல மருத்துவமனையில் உள்நோயாளி ஆக்குவதையும் 'கட்டாய அனுமதி' என்று எழுதிவிடுகிறோம்.

'அனுமதி' வடசொல், 'அனு' என்னும் முன்னொட்டும் எண்ணத்தைக் குறிக்கும் 'மதி'யும் கூடி, உடன்பட்ட மனம், இசைவு என்ற பொருளைத் தருகின்றன. அது பெயர்க்கும் 'அட்மிஷன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கோ அதன் இலத்தீன் வேரில் உள்ளே விடுதல் என்பதே பொருள். உள்ளே விட மருத்துவமனை இசைவதை எண்ணி அதை அனுமதி என்றார்கள் போலும். காய்ச்சலோடு படுக்கை கேட்டு வருபவருக்கு அது பொருந்தும். 'டெஸ்ட் எடுத்துவிட்டு மாலையே வீட்டுக்கு வந்துவிடலாம்' என்று சொல்லிக் காரில் ஏற்றிவந்து, அண்ணன் படிவத்தில் கையெழுத்திடும்போது வாசலில் கழற்றிய செருப்பையே பார்த்துக்கொண்டு நிற்கும் பெண்ணுக்கு அது எப்படிப் பொருந்தும்? அவள் இசையவில்லை என்பதுதான் அங்கே முதன்மையான செய்தி; அதையே அந்தச் சொல் மறைத்துவிடுகிறது.

நம் பேச்சில் பிழையற்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. 'ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்' என்றால் தன்வினை, 'சேர்த்தார்கள்' என்றால் பிறவினை. முடிவு யாருடையது என்பதை ஓர் ஒற்றெழுத்து சொல்லிவிடுகிறது.

சட்டமும் மெல்ல இந்த வேறுபாட்டை நோக்கித்தான் நகர்ந்திருக்கிறது. 1912ஆம் ஆண்டின் இந்திய லூனசி சட்டமும், அதை அகற்றிவந்த 1987ஆம் ஆண்டுச் சட்டமும் நீதித்துறை நடுவரின் ஆணையால் ஒருவரை உள்ளே வைக்க வழிசெய்தன. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தாமாகச் சேர்தலையே பொதுவிதியாக்கியது. சேர்த்தலுக்கு அது இட்ட பெயர் 'சப்போர்ட்டட் அட்மிஷன்'. இதை 'ஆதரவு அனுமதி' என்று பெயர்த்தால் வற்புறுத்தல் இருமடங்கு மறைந்துபோகும் என்பதால், 'கட்டாயச் சேர்ப்பு' என்றே எழுத வேண்டும் என்பேன்.

அச்சட்டத்தின் 89ஆம் பிரிவின்படி, நோயாளியின் சார்பில் செயல்படும் நியமனப் பிரதிநிதி விண்ணப்பிக்க, ஒருவரேனும் மனநல மருத்துவராக உள்ள இருவர் தனித்தனியே பரிசோதித்து, நோயாளிக்கோ பிறருக்கோ தீங்கு நேரும் நிலை அல்லது நோயாளி தம்மைப் பேணிக்கொள்ள இயலாத நிலை இருப்பதாக முடிவுசெய்தால்தான் சேர்க்கலாம். அதுவும் 30 நாள்வரை. மனநல மறுஆய்வு வாரியத்துக்கு 7 நாளுக்குள், பெண்ணோ சிறாரோ ஆனால் 3 நாளுக்குள், தகவல் போக வேண்டும். சேர்க்கப்பட்டவரும் அங்கே முறையிடலாம். நிலை தேறிய பின் அந்தச் சேர்ப்பு முடிவுக்கு வரும். அதன் பிறகும் சிகிச்சைக்காக அவரே விரும்பித் தங்கினால், 'சேர்த்தார்கள்' என்றிருந்தது 'சேர்ந்தார்' என்று மாறும்.