இனிஷியல் விரியாத இறப்புச் சான்றிதழ்

போன மாதம் ஓர் அம்மா இரண்டு தாள்களைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். ஒன்று கணவரின் இறப்புச் சான்றிதழ். மற்றது, அவருடைய அமெரிக்க ராணுவப் பணிச் சான்றான டிடி 214 கேட்டு நிரப்பிய எஸ்எஃப் 180 படிவம். விதவை உதவித்தொகைக்கு அது வேண்டும். வீட்டில் இருந்த பிரதியைக் கரையான் தின்றுவிட்டதாம்.

சான்றிதழில் 'ஆர். கந்தசாமி' என்று இருந்தது. படிவத்தில் முதற்பெயர் கந்தசாமி, கடைசிப் பெயர் ராமசாமி. (பெயர்களை மாற்றியிருக்கிறேன்.)

"ரெண்டும் அவர்தானே சார்?"

"நமக்குத் தெரியும்மா. அமெரிக்காவுல, செயின்ட் லூயிஸ் ராணுவ ஆவணக் காப்பகத்துல கோப்பைத் தேடுறவருக்கு?"

நமக்கு அப்பா பெயர் ஓர் எழுத்து. அங்கே அதுவே குடும்பப் பெயர், கோப்பைத் தேடும்போது அதையும் பார்ப்பார்கள். மருத்துவமனைப் படிவத்தில் மகன் பதற்றத்தில் வழக்கமாக எழுதுவதுபோல் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த நேரத்தில் யாருக்குத்தான் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்க்கத் தோன்றும்? ஆனாலும் அதைத்தான் பார்க்க வேண்டும். பதிவான பிறகு, பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969, பிரிவு 15-ன்படி பதிவாளரிடம் மனு கொடுத்துத் திருத்தலாம். 'இருவரும் ஒருவரே' என்ற நோட்டரி பத்திரத்தை வைத்துச் சமாளிப்பதைவிடப் பதிவேட்டையே திருத்துவது நல்லது. வங்கி, வீட்டுப் பத்திரம் என்று அதே சிக்கல் பின்னாலேயே வரும்.

இறப்பைப் பதிவது உயிர் பிரிந்த ஊரில்தான். வீடு கும்பகோணம், மருத்துவமனை தஞ்சாவூர் என்றால் தஞ்சாவூரில் கேட்க வேண்டும். 21 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். ஓராண்டு தாண்டினால் மாஜிஸ்திரேட் உத்தரவு வரை போகும்.

இறந்தவர் அமெரிக்கக் குடிமகன் என்றால், நம் சான்றிதழைக் காட்டித் துணைத் தூதரகத்தில் 'வெளிநாட்டு மரண அறிக்கை' வாங்கிவிடுங்கள். அங்குள்ள வங்கி, காப்பீடு எல்லாவற்றுக்கும் அது செல்லும். கிரீன் கார்டோடு படையில் சேர்ந்து, குடியுரிமை வாங்காமலே திரும்பியவர்களும் உண்டு. அவர்களுக்கு அந்த அறிக்கை கிடையாது. உள்ளூர்ச் சான்றிதழ்தான் ஒரே ஆதாரம்.

என் பிழைப்புக்குக் கேடுதான், இருந்தாலும் சொல்கிறேன்: பணிப் பதிவேடு கேட்க இறப்புச் சான்றிதழின் நகலே போதும். தமிழ்நாட்டுச் சான்றிதழில் ஆங்கிலமும் இருப்பதால் மொழிபெயர்ப்பும் தேவைப்படாது. அப்போஸ்டில் (நம் ஆவணம் வெளிநாட்டில் செல்ல அரசு போடும் முத்திரை) கட்டாயம் என்று தரகர் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பணிப் பதிவேட்டை யார் கேட்கலாம் என்பதிலும் கணக்கு உண்டு. மறுமணம் செய்யாத துணைவர், பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் மட்டுமே அவர்கள் கணக்கில் நெருங்கிய உறவு. பேரன் கையெழுத்துப் போட்டால் சில விவரங்கள்தான் வரும். படைப்பணி முடிந்து 62 ஆண்டு ஆகிவிட்டால் யாரும் கேட்கலாம், கட்டணம் மட்டும் உண்டு. ஆனால் 1973 ஜூலை 12-ல் அந்தச் செயின்ட் லூயிஸ் காப்பகத்தில் பிடித்த தீயில், 1912-க்கும் 1960-க்கும் இடையில் தரைப்படையிலிருந்து விலகியவர்களின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் போய்விட்டன. அந்தக் காலத்தவர் என்றால் பெட்டியில் கிடக்கும் பழைய தாள் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

இன்னொன்று. நம் இறப்புச் சான்றிதழில் மரணக் காரணம் இருக்காது; சட்டமே அப்படி. படைப்பணியால் வந்த நோயில் இறந்தார் என்று உதவித்தொகை கேட்பவர்களுக்கு அந்தக் காரணம்தான் முக்கியம். மருத்துவர் தரும் மரணக் காரணச் சான்றின் நகலை மருத்துவமனையிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த அம்மாவின் படிவம் இன்னும் என் மேஜையில்தான் இருக்கிறது. முதலில் திருத்த மனு போட்டிருக்கிறோம். மகனிடம் பேனாவைக் கொடுக்காமல், பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வோர் எழுத்தாக அவரே எழுதினார்.