28 = 0 + 1 + 27: பேஸ்பால் பாக்ஸ் ஸ்கோர் டேலி ஆவது எப்படி?

பேஸ்பால் ஆட்டத்தின் புள்ளிவிவர அட்டவணைக்கு பாக்ஸ் ஸ்கோர் என்று பெயர். 19ஆம் நூற்றாண்டில் இதற்கு உருக்கொடுத்ததில் பெரும்பங்கு ஹென்றி சாட்விக்குடையது. இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்காவில் கிரிக்கெட் செய்தி எழுதி வந்தவர் அவர். கிரிக்கெட் ஸ்கோரர்கள் பேட்டர்களின் ரன்னையும் எக்ஸ்ட்ராவையும் கூட்டி மொத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்களே, அதற்கு ஈடான சோதனை இதிலும் உண்டு.

முதலில் பதிவு முறை. ஃபீல்டர்களுக்கு நிலை எண்கள் உண்டு: பந்து வீசும் பிட்சர் 1, பேட்டருக்குப் பின்னால் நிற்கும் கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6, வெளிக்களத்தில் இடமிருந்து வலமாக 7, 8, 9. தரையில் உருண்ட பந்தில் இருவர் அவுட். அதற்கு எதிரே 6-4-3 என்று எழுதியிருக்கிறது என்றால், ஷார்ட்ஸ்டாப் எடுத்து இரண்டாம் பேஸுக்கும், அங்கிருந்தவர் முதல் பேஸுக்கும் எறிந்தார்கள். 6க்கு ஒரு அசிஸ்ட் (அவுட்டுக்கு உதவியது), 4க்கு ஒரு புட்-அவுட்டும் (அவுட்டை முடித்தது) ஒரு அசிஸ்ட்டும், 3க்கு ஒரு புட்-அவுட். ஸ்ட்ரைக்-அவுட் ஆனால் புட்-அவுட் சேர்வது பிட்சருக்கு அல்ல, பந்தைப் பிடித்த கேட்சருக்கு.

இனி சோதனை. இடப்பக்கம், பேட்டிங் முறையை முடித்தவர்களின் எண்ணிக்கை: அட்-பேட் (மற்ற வகைகளில் சேராத முறைகள்), வாக் (நான்கு தவறான வீச்சால் முதல் பேஸ் பெற்றது), உடம்பில் பந்து பட்டது, இரண்டு வகை சாக்ரிஃபைஸ் (தான் அவுட்டாகி ரன்னரை முன்னேற்றுவது), கேட்சரின் இடையூறால் முதல் பேஸ் பெற்றது எல்லாம் சேர்த்து. வலப்பக்கம், எடுத்த ரன்கள், பேஸில் எஞ்சியவர்கள், எதிரணியின் புட்-அவுட்கள். இரண்டும் சமமாக வேண்டும். காரணம் எளிது: முறையை முடித்த ஒவ்வொருவரும் ரன் எடுத்திருப்பார், அல்லது அவுட், அல்லது பேஸிலேயே நின்றுபோனார். நான்காவது வழியே இல்லை.

2010 ஜூன் 2, டெட்ராய்ட். கிளீவ்லாந்தின் 26 பேரை வரிசையாக அவுட்டாக்கியிருந்தார் அர்மாண்டோ கலராகா. 27ஆவது பேட்டரும் முதல் பேஸில் அவுட்தான். ஆனால் நடுவர் ஜிம் ஜாய்ஸ் தவறாக சேஃப் என்றார். அடுத்தவர் அவுட், டெட்ராய்ட் 3-0 என வென்றது. கிளீவ்லாந்துக்கு 28 அட்-பேட், 0 ரன், எஞ்சியவர் 1, டெட்ராய்ட்டின் புட்-அவுட் 27. கணக்கு அழகாக டேலி ஆகிறது. நடுவரின் பிழையை அது காட்டிக்கொடுக்காது.

டேலி ஆகாவிட்டால் எங்கே தேடுவது? பேஸ் திருட (பந்து அடிக்கப்படாமலே அடுத்த பேஸுக்கு ஓட) முயன்றவர் இன்னிங்ஸின் மூன்றாவது, கடைசி அவுட் ஆகும்போது களத்தில் நின்ற பேட்டரைச் சேர்த்துவிடுவது வழக்கமான தவறு. அவர் முறை முடியவில்லை. அடுத்த இன்னிங்ஸை அவரே தொடங்குவார். இன்னொன்று, ஒவ்வொரு பேட்டர் பெயருக்கும் எதிரே இருக்கும் எஞ்சியவர் எண்களைக் கூட்டுவது. ஒரே ரன்னர் இரண்டு மூன்று பேட்டர்கள் கணக்கில் வருவதால் அந்தக் கூட்டல் அணியின் எண்ணை மிஞ்சிவிடும். 10ஆவது இன்னிங்ஸிலிருந்து இரண்டாம் பேஸில் ஒரு ரன்னரைச் சும்மா நிறுத்தும் விதி அமெரிக்காவின் மேஜர் லீக்கில் 2020இல் வந்தது. பேட்டிங் முறை இல்லாமல் வருபவர் என்பதால், அப்படி ஒவ்வொருவருக்கும் இடப்பக்கம் ஒன்று கூட்ட வேண்டும்.

சோதனைக்கு எட்டாத பெரிய இடம் ஹிட்டா (பேட்டர் அடியால் பேஸ் பெற்றது), எர்ரரா (ஃபீல்டரின் பிழையால் பெற்றது) என்ற தீர்ப்பு. இரண்டுமே அட்-பேட்தான், சமன்பாடு அசையாது. ஆனால் இரண்டு அவுட்டுக்குப் பின் ஷார்ட்ஸ்டாப் பந்தைத் தவறவிட்டு, அடுத்தவர் ஹோம் ரன் அடித்தால்? எர்ரர் என்றால் இன்னிங்ஸ் அங்கேயே முடிந்திருக்க வேண்டியது. இரண்டு ரன்னும் பிட்சர் தலையில் விழாது. ஹிட் என்றால் இரண்டும் அவருடையவை. வேறு ரன் கொடுக்காமல் 6 இன்னிங்ஸ் வீசியவருக்கு, 9 இன்னிங்ஸுக்கு அவர் பொறுப்பான ரன்களின் சராசரி 0.00 ஆகவும் இருக்கலாம், 3.00 ஆகவும் இருக்கலாம். சாதாரண முயற்சியில் சராசரி ஃபீல்டர் அதைச் சமாளித்திருப்பாரா என்பதே அதிகாரப்பூர்வ ஸ்கோரரின் அளவுகோல். ஆட்டம் முடிந்து 24 மணி நேரத்துக்குள் அவர் தீர்ப்பை முடிவுசெய்தாக வேண்டும். தீர்ப்பு பிடிக்காத வீரரோ அணியோ லீக்கிடம் மேல்முறையீடு செய்யலாம்.