எண்பது இருந்தும் வீரர் ஏன் கைநழுவுகிறார்?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் வீடியோ கேம்களில் பாதி ஆட்டம் மைதானத்துக்கு வெளியே நடக்கிறது. பள்ளி முடிக்கப்போகும் வீரர்களைத் தேடிப்பிடித்து, ஸ்காலர்ஷிப் கொடுத்து, மற்ற கல்லூரிகளை முந்திக்கொண்டு நம் அணிக்கு இழுக்க வேண்டும். இதுதான் ரெக்ரூட்டிங். 2013-இல் வந்த ‘என்சிஏஏ ஃபுட்பால் 14’-க்குப் பிறகு 11 ஆண்டுகள் கழித்து, 2024 ஜூலையில் ‘காலேஜ் ஃபுட்பால் 25’ வந்தபோது பலரும் ஆவலோடு முதலில் திறந்த பகுதியும் இதுதான். அதில் வாரத்துக்கு இத்தனை மணிநேரம் என்று ஒரு கணக்கு உண்டு. வீரருக்கு நேரடியாகச் செய்தி அனுப்ப 10 மணிநேரம், நண்பர்கள், குடும்பத்தாரிடம் பேச 25 மணிநேரம் என்று அது கரையும். யாருக்காகக் கரைப்பது என்று முடிவெடுக்க, வீரரின் ஆர்வத்தைக் காட்டும் பட்டையைத்தான் பெரிதும் நம்புகிறோம்.

இப்படிப்பட்ட கேம்களில் ஒவ்வொரு வீரருக்கும் கல்லூரிவாரியாக ஒரு புள்ளிக்கணக்கு உள்ளே ஓடும். வீட்டிலிருந்து தூரம், களமிறங்கும் வாய்ப்பு, கோச்சின் பெயர், படிப்பின் தரம் எல்லாம் சேர்ந்து அந்தப் புள்ளியை ஏற்றும், இறக்கும். அதை அப்படியே திரையில் கொட்டிவிட்டால் போதும் என்று நினைப்பதில்தான் சிக்கல்.

ஒரு குவார்ட்டர்பேக்கிடம் (பந்தை எறிந்து அணியின் தாக்குதலை நடத்தும் வீரர்) நமக்கு 80 புள்ளி என்று வைத்துக்கொள்வோம். போட்டியில் இன்னொரு கல்லூரி மட்டுமே இருக்கிறது. புள்ளி விகிதப்படி குலுக்கல் நடந்தால், எதிராளிக்கு 30 இருக்கும்போது நம் வாய்ப்பு சுமார் 73 சதவீதம். எதிராளிக்கு 78 என்றால் வெறும் 51. இரண்டு நிலையிலும் நம் பட்டை ஒரே நீளம்தான்! வேறு கேமில் குலுக்கலே இல்லாமல், 1000 புள்ளியை முதலில் தொடுபவருக்கே வீரர் என்று விதி இருக்கலாம். நாம் 800-இல் நின்று வாரம் 40 ஏறுகிறோம். எதிராளி 700-இல் நின்று வாரம் 100 ஏறுகிறார். நமக்கு ஐந்து வாரம் வேண்டும், அவர் மூன்றே வாரத்தில் முடித்துவிடுவார். இன்று முன்னால் இருப்பது நாம், தோற்கப்போவதும் நாம்தான். ஆகவே நம் பட்டைக்குக் கீழேயே எதிராளியின் பட்டையும், போன வாரம் எவ்வளவு ஏறியது என்பதும் தெரிந்தாக வேண்டும். பட்டைகள் ஒரே தொடக்கக் கோட்டிலிருந்து கிளம்ப வேண்டும். வட்டமான மீட்டர் வேண்டாம். கோணத்தைவிட, பொது அளவுகோலில் இருக்கும் இடத்தைத்தான் நம் கண் துல்லியமாக ஒப்பிடும் என்று புள்ளியியலாளர்கள் கிளீவ்லண்ட், மெக்கில் இருவரும் 1984-இலேயே காட்டிவிட்டார்கள்.

எண்ணை எடுத்துவிட்டு ‘அதிகம்’, ‘மிதம்’ என்று போடலாமே? அமெரிக்க உளவுத்துறையில் ஷெர்மன் கென்ட் இதில் சூடுபட்டிருக்கிறார். 1951-இல் யுகோஸ்லாவியா மீது தாக்குதல் நடக்க ‘கணிசமான சாத்தியம்’ இருப்பதாக ஓர் அறிக்கை போனது. அதை எழுதிய குழுவினரிடமே அவர் பிறகு கேட்டபோது, ஒருவர் மனதில் இருந்தது 20 சதவீதம், இன்னொருவர் மனதில் 80. சொல் மட்டும் போதாது. அது எந்த எல்லைக்குள் நிற்கிறது என்பதும் பக்கத்தில் வேண்டும்.

அதற்காக முதல் வாரமே ‘63.4’ என்று காட்டுவதும் தவறு. ஒருமுறைகூடப் பேசாத பையனின் மனம் எந்தக் கோச்சுக்கும் அவ்வளவு துல்லியமாகத் தெரியாது. தொடக்கத்தில் ‘40 முதல் 85 வரை’ என்று மங்கலான அகன்ற பட்டை, நேரம் செலவழிக்கச் செலவழிக்க அது குறுகி ‘60 முதல் 68’ ஆவது, இதுதான் என் விருப்பம். அப்போது செலவழித்த மணிநேரத்துக்குப் புள்ளியோடு தெளிவும் கிடைக்கும்.

இனிப்புத் தடவிய எண் எனக்குச் சம்மதமில்லை. ஃபயர் எம்பளம் என்ற போர் வியூக வீடியோ கேம் வரிசையில் பல கேம்கள் இரண்டு தற்செயல் எண்களின் சராசரியை எடுப்பதால், திரையில் 90 சதவீதம் என்று தெரியும் அடி உண்மையில் 98.1 சதவீதம் விழும். நொடியில் முடியும் சண்டைக்கு அது சுகம். மாதக்கணக்கில் திட்டமிடும் ரெக்ரூட்டிங்கில் அந்தப் பொய், மொத்தத் திட்டத்தையும் சாய்த்துவிடும்.

‘உங்களிடம்தான் வருகிறேன்’ என்று வீரர் வாயால் சொன்ன பிறகும் பட்டை முழுதாக நிரம்பக் கூடாது. நிஜத்தில் அந்த வாய்மொழி வாக்கு யாரையும் கட்டுப்படுத்தாது. கல்லூரியோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாள்வரை மனம் மாறலாம். அதுவரை கடைசித் துண்டு காலியாகவே தெரியட்டும். பக்கத்தில் இரண்டாம் இடத்துக் கல்லூரியின் பட்டையும் அழியாமல் நிற்கட்டும்.