ஆழ்கடலில் பச்சைக்கு என்ன வேலை?

"கரையோரம் பச்சைப் பாசி, அதற்குக் கீழே பழுப்பு, ஆழத்தில் சிவப்பு என்றுதானே படித்தோம்? ஆழத்தில் பச்சை வளருமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

தாராளமாக வளரும். அந்த வரிசை 1883-இல் ஜெர்மன் அறிவியலாளர் எங்கல்மான் சொன்னதிலிருந்து வந்தது. சிவப்பு ஒளியைக் கடல்நீர் மேலேயே விழுங்கிவிடுகிறது. கீழே போய்ச் சேருவது நீலமும் நீலப்பச்சையும் கலந்த ஒளிதான். அதைப் பிடிக்கச் சிவப்புப் பாசியிடம் தனி நிறமி உண்டு என்பது சரி. ஆனால் பச்சைப் பாசியிடம் இருக்கும் பச்சையம் பி-யும் (குளோரோபில் பி) நீல ஒளியை நன்றாகவே உறிஞ்சும்.

வெர்டிஜெல்லாஸ் அப்படி ஆழத்தில் வளரும் ஒரு அபூர்வப் பச்சைப் பாசிப் பேரினம். மேற்கு அட்லாண்டிக்கின் வெப்பக் கடலில், சாதாரண முக்குளிப்பு எட்டாத ஆழத்தில் வாழ்கிறது. 1994-இல்தான் பாலண்டைன், நாரிஸ் என்ற இரண்டு பாசி ஆய்வாளர்கள் பெயர் வைத்தார்கள். அதன் சொந்தக்காரப் பேரினமான பால்மோபில்லம், மத்தியதரைக் கடலிலும் நியூசிலாந்திலும் நிழல் விழும் பாறைகளில் ஒட்டிக் கிடக்கிறது.

வெர்டிஜெல்லாஸில் ஒரு துண்டை நுண்ணோக்கியில் வைத்தால்தான் வேடிக்கை. ஆறி இறுகிய ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி, தெளிந்த கூழுக்குள் உருண்டை உருண்டையாகச் செல்கள். ஒன்றை ஒன்று தொடுவதில்லை. பக்கத்துச் செல்லுக்குப் போக ஒரு துளையோ இழையோ கிடையாது. ஒவ்வொன்றும் தன்னந்தனியாக ஒளிச்சேர்க்கை செய்து பிழைக்கிறது. அப்புறம் தலையை வெளியே எடுத்து முழுசாகப் பாருங்கள்: விளிம்பு, மடல் எல்லாம் வைத்த ஒழுங்கான உருவம்! திசு என்று ஒன்றே இல்லாமல் இலை போன்ற ஒன்றைக் கட்டிவிடுகிறது.

இந்தக் கூழை நம்பித்தான் முதலில் இதை நன்னீர்க் கூழ்ப்பாசிகளோடு சேர்த்திருந்தார்கள். 2010-இல் மரபணுவைப் பார்த்தபோது அது பொய்த்தது. நெருங்கிய உறவு, கடலில் மிதக்கும் பிரசினோடெர்மா போன்ற ஒற்றைச் செல் பாசிகளோடு. 2020-இல் பிரசினோடெர்மாவின் முழு மரபணுத்தொகுதியைப் படித்தவர்கள், வெர்டிஜெல்லாஸும் சேர்ந்த இந்தக் கூட்டத்துக்கு வகைப்பாட்டில் தனித் தொகுதியே (phylum) கொடுத்தார்கள். அந்தக் கணக்குப்படி ஆலமரமும் கடற்கரைப் பாறையில் வழுக்கும் உல்வா என்ற பச்சைப் பாசியும் ஒன்றுக்கொன்று கிட்டின சொந்தம். வெர்டிஜெல்லாஸ் இரண்டுக்கும் தூரத்துச் சொந்தம்.

அகாருக்கும் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் கெட்டியாக்கும் பொருள்) உரத்துக்கும் ஆகாத பாசியை ஆழத்திலிருந்து எடுத்துவரப் பணம் கேட்டால் "என்ன பயன்?" என்பார்கள். பச்சைத் தாவரங்களின் குடும்ப மரத்தையே திருத்தி எழுத வைத்தது போதாதா என்பது என் கட்சி.

சரி, அவ்வளவு கீழே ஏன் போய்க் குடியிருக்கிறது? மேய வரும் உயிர்கள் அங்கே குறைவு, பாறையில் இடத்துக்குப் போட்டியும் குறைவு. வெளிச்சம் கொஞ்சம்தான். ஆனால் உடம்பில் பெரும்பகுதி வெறும் கூழ் என்பதால் ஆற்றல் செலவும் கொஞ்சமாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.