கட்டியங்காரன் கதாநாயகனா?

டர்பனில் நம் ஊர் நாடகக் குழுக்களோடு ஒத்திகையில் உட்காரும்போதெல்லாம் ஒரே தகராறுதான் வருகிறது. எட்டுப் பத்துப் பேர் சரிசமமாக மேடையில் நிற்கும் நாடகத்தில் மையப் பாத்திரம் யார்? பெரும்பாலும் வசனத்தை எண்ணி முடிவு கட்டிவிடுகிறார்கள். நடிகர் தேர்வு, விளக்கு, சுவரொட்டி எல்லாம் அதன்படியே போகிறது. கடைசியில், "எல்லாரும் நல்லாத்தான் நடிச்சாங்க, ஆனா கதை எங்கேயோ அலையுது" என்று சொல்லிக்கொண்டே ஜனங்கள் வீட்டுக்குப் போகிறார்கள்.

வசனக் கணக்கு உதவாது என்பதற்கு நம்மிடமே சாட்சி இருக்கிறது. இங்கே சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்கிறோமே, அந்தத் தெருக்கூத்தில் விடிய விடிய வாய் ஓயாமல் பேசுகிறவன் கட்டியங்காரன், அதாவது பாத்திரங்களை அறிமுகம் செய்து நடுநடுவே சிரிக்க வைக்கிறவன். அவனை யாரும் நாயகன் என்று நினைப்பதில்லை. சூதாட்டச் சபையில் தருமன் பணயம் வைக்கிறான், துரியோதனன் ஆணையிடுகிறான், துச்சாதனன் இழுத்து வருகிறான். ஆனால், தன்னையே தோற்றவருக்கு என்னை வைத்தாட ஏது உரிமை என்று திரௌபதி கேட்டதும் சபையே திணறுகிறது. கூந்தலை முடிய மாட்டேன் என்று அவள் சபதம் போட்ட பிறகு, பதினெட்டாம் நாள் வரைக்கும் கதை அவள் கையில்தான்.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான்: திரும்ப எடுக்க முடியாத முடிவை எடுப்பது யார்? பென்சிலும் பிரதியுமாக உட்கார்ந்து அந்த இடங்களை மட்டும் கோடிட்டுப் பாருங்கள். பக்கம் பக்கமாகப் பேசுகிறவரின் வசனத்தில் ஒரு கோடுகூட விழாமல் போகலாம்.

டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து நம் ஆட்களை வெளியேற்றிய கதையை ஒரு குழு நாடகமாக்கியது. எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப்பகுதிச் சட்டம், இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்குப் போகச் சொல்லி வந்த நோட்டீஸ், நடுவில் ஒரு கூட்டுக் குடும்பம். ஆயா, அதாவது பாட்டி, அழுகிறாள், பெரிய மகன் போராடலாம் என்கிறான், பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். அதிகம் பேசாத மருமகள் ஒருநாள் தனியாகப் போய்ப் புதுவீட்டுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறாள். ஒத்திகையில் முழு வெளிச்சமும் ஆயாமீதுதான்.

ஆயாவாக நடித்தவர் கேட்டார்: "முதல் காட்சியிலிருந்து கடைசி வரைக்கும் நான்தானே இருக்கேன், அண்ணா?"

"இருக்கீங்க அக்கா. நீங்க அழாட்டி கதை நின்னுபோயிடுமா?"

"நிக்காது. லாரி எப்படியும் வந்துரும்."

"அந்தப் பொண்ணு கையெழுத்துப் போடாட்டி?"

கொஞ்சம் யோசித்தார். "அப்புறம் அண்ணன் தம்பி சண்டையே இல்லையே. பாதி நாடகம் போச்சு."

அவரே எழுந்து போய், பின்னால் மூலையில் கிடந்த மேசையை மேடையின் முன்பக்கம் இழுத்துப் போட்டார். அதுவரை, மருமகள் கையெழுத்துப் போடும் நேரத்தில் ஆயாவின் ஒப்பாரி உச்சத்தில் இருந்தது. பேனா காகிதத்தைத் தொடுவதை யாருமே பார்த்திருக்க முடியாது. இப்போது அந்த இடத்தில் ஆயா வாய் திறப்பதில்லை. அதிகம் துன்பப்படுகிறவரும் கதையை நகர்த்துகிறவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நம் ஆட்கள் மிகவும் குழம்புவது இங்கேதான். சினிமாப் பழக்கம் என்று நினைக்கிறேன்.

பெரியவர்களுக்குள்ளும் இது நடந்திருக்கிறது. ரஷ்ய எழுத்தாளர் செகாவின் 'செர்ரித் தோட்டம்' நாடகத்தில், வியாபாரி லோபாகின்தான் மையம் என்று செகாவ் நினைத்தார். அந்த வேடத்தை நடிகரும் இயக்குநருமான ஸ்டானிஸ்லாவ்ஸ்கியை மனத்தில் வைத்து எழுதினார். 1904இல் மாஸ்கோவில் மேடையேறியபோது ஸ்டானிஸ்லாவ்ஸ்கி நடித்ததோ தோட்டக்காரியின் அண்ணன் காயெவ் வேடத்தில். தோட்டத்தை ஏலத்தில் எடுக்கிறவன் லோபாகின் என்பதால் நான் செகாவ் பக்கம். ஆனால் கடைசிவரை ஒரு முடிவும் எடுக்காமல் காலம் தள்ளும் தோட்டக்காரி ரனேவ்ஸ்கயாதான் நாயகி என்று வாதிடுகிறவர்களும் உண்டு. அதையும் தள்ளிவிட முடியாது. முடிவெடுக்காததே சில சமயம் திரும்ப எடுக்க முடியாத முடிவு. மன்னன் தடுத்தும் அண்ணனை அடக்கம் செய்த பெண்ணைப் பற்றிய கிரேக்க நாடகம் 'ஆன்டிகனி'யிலும் இதே இழுபறிதான்: நாயகர் அவளா, மன்னனா? ராபன் தீவுச் சிறையில் அதைப் போட்டபோது மண்டேலா நடித்தது மன்னன் கிரயோனாக. ஆன்டிகனி போன பிறகும் மேடையில் நின்று, மனம் மாறி, எல்லாவற்றையும் இழப்பவன் அவன். இப்படிப்பட்ட நாடகத்தில் இயக்குநர் ஒரு பக்கம் சாய்ந்தாக வேண்டும். சாயாமல் விட்டால் நடிகர்கள் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள்.

சரி, ஒருவருமே தேறாவிட்டால்? அதுவும் உண்டு. பழைய கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலஸின் 'அடைக்கலம் வேண்டுவோர்' நாடகத்தில் தனவுஸின் பெண்மக்கள் கூட்டமாக வந்து ஆர்கஸ் நகரத்தில் புகலிடம் கேட்கிறார்கள். மறுத்தால் தெய்வச் சிலைகளிலேயே தூக்கு மாட்டிக்கொள்வோம் என்கிறார்கள். மன்னனை அசைப்பது அந்த மிரட்டல், அதுவும் கூட்டத்தின் குரலில். அங்கே கூட்டமே நாயகி. உங்கள் பிரதியும் அந்த வகை என்றால் ஒருத்திமேல் மட்டும் விளக்கைக் குவிக்காதீர்கள், கூட்டத்தில் நன்றாகப் பாடுகிறவளைத் தனியாக முன்னால் இழுத்து நிறுத்தாதீர்கள். சுவரொட்டிக்கு யார் படம் என்று அச்சகத்தில் கேட்டால், எல்லாரும் நிற்கும் படத்தைக் கொடுங்கள். முகம் சின்னதாகத் தெரிகிறது என்று இரண்டு பேர் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.